ஜமுக்காளத்தில் கறையா? பதற வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாம இப்ப உட்கார்ந்திருக்கிறோமே, இந்த ஜமுக்காளத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம். சிரிக்காதீங்க. கடன் எடுத்து ஜமுக்காளமும் பாத்திரமும் வாங்கி, விசேஷ வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற குழுக்கள் நம்மிடம் இருக்கின்றன. போகும்போது சுத்தமாகப் போகிறது. வரும்போது சாம்பார், வெற்றிலைச் சாறு, குழந்தை மூத்திரம் எல்லாம் சேர்ந்து வருகிறது. கறை படிந்த விரிப்பை அடுத்த வீட்டுக்காரர் கேட்க மாட்டார். டவுனுக்கு வீட்டு வேலைக்குப் போகிற அக்காமாரும் கார்பெட், சோபா துடைக்க வேண்டியிருக்கிறது. அதனால் இது நம்ம பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

பவானி ஜமுக்காளம் குழித்தறியில் கெட்டியான பருத்தி நூலால் நெய்வது. 2005-06இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மைப் போன்ற பெண்களும் தறியில் உட்கார்ந்து நெய்கிறார்கள். அந்த உழைப்பைப் பாழாக்கலாமா?

முதலில் மூன்று விஷயம். ஒன்று, கறை காய்வதற்குள் கவனிக்கணும். இரண்டு, தேய்க்கக் கூடாது. வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுக்கணும். தேய்த்தால் கறை நூலுக்குள் இறங்கிப் பரவும். மூன்று, எதைப் போடுவதானாலும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் போட்டுப் பாருங்க. ஈரத் துணியில் சாயம் ஒட்டினால் நிறுத்திவிடுங்க.

டீ, காபி: ஒற்றிவிட்டுப் பச்சைத் தண்ணீரால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர் போடுங்க. பால் கலந்திருப்பதால் வெந்நீர் வேண்டாம்.

எண்ணெய், குழம்பு: கடலை மாவோ முகப் பவுடரோ தூவி அரை மணி நேரம் விடுங்க. எண்ணெயை அது உறிஞ்சும். உதறிவிட்டு சோப்பு போடுங்க.

மஞ்சள்: சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும். பயப்படாதீங்க. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகுமே, அதே கதைதான். நன்றாக அலசி வெயிலில் போட்டால் மிச்ச மஞ்சளும் வெளுக்கும். நாள் கணக்கில் விடாதீங்க, ஜமுக்காளத்துச் சாயமும் வெளுத்துவிடும்.

பேனா மை: பதிவேடு எழுதும்போது விழுவதுதான். மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றுங்க. அடுப்பு, விளக்குப் பக்கத்தில் மட்டும் கூடாது, தீப்பிடிக்கும்.

குழந்தை மூத்திரம்: துணியால் உறிஞ்சி எடுத்து, தண்ணீர் விட்டு அலசி, சோப்பு போட்டு, முழுசாகக் காயவிடணும். சோபாவாக இருந்தால் தண்ணீரை ஊற்றாதீங்க. உள்ளே இருக்கிற பஞ்சு ஊறினால் பூஞ்சை பிடித்து நாறும். சோப்பு நுரையை மட்டும் எடுத்துத் துடைத்து, பிறகு ஈரத் துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் காயவிடுங்க.

இரத்தக் கறை: இதைக் கொஞ்சம் மனசு விட்டுப் பேசுவோம். கூட்டத்தில் உட்கார்ந்து எழும்போது ஒரு பெண்ணுக்கு மாதவிலக்குக் கறை பட்டுவிடுகிறது. அந்த வெட்கத்தில் அடுத்த கூட்டத்துக்கு அவள் வராமல் போனால் சேமிப்பு நிற்கும், கடனுக்குத் தவணை நிற்கும், கடைசியில் அவளே நின்றுபோவாள். பச்சைத் தண்ணீரும் சோப்பும் போட்டால் போகிற கறைக்கு ஒரு உறுப்பினரை இழக்கணுமா? வெந்நீர் மட்டும் வேண்டாம், இரத்தம் உறைந்து நூலில் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கிறவங்க சத்தமில்லாமல் விரிப்பை மடித்து எடுத்து அலசிப் போடுங்க. யாரும் எதுவும் கேட்க வேண்டாம்.

அடுத்தது எச்சரிக்கை. கறை போகலைன்னு பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டையும் ஒன்றாகக் கலக்காதீங்க. குளோரின் என்கிற நச்சு வாயு கிளம்பும். கண் எரியும், மூச்சு அடைக்கும், உயிருக்கே ஆபத்து. எந்த வீட்டம்மா சொன்னாலும் "முடியாதும்மா"ன்னு சொல்லுங்க. அப்படி வாடை வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்க. மூச்சுத் திணறினால் உடனே 108க்குப் போன் பண்ணுங்க. கலக்காத பிளீச்சிங் பவுடரும் சாயத்தை எடுத்துவிடும். கம்பளி, பட்டை அரித்தே விடும்.

கடைசியாக ஒன்று. ஈர ஜமுக்காளத்தை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். ஆனால் பல குழுக்களில் துவைக்கிற வேலை ஒருத்தி தலையிலேயே விழுகிறது. முறை வைத்துச் செய்யுங்க. இல்லையென்றால் துவைக்கிறவருக்குக் கூலி என்று வாடகைக் கணக்கிலேயே எழுதிக் கொடுங்க. விரிப்பு திரும்பி வந்ததும் விரித்துப் பார்த்து நோட்டில் குறித்துவிட்டுத்தான் முன்பணத்தைத் திருப்பித் தரணும். நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்கணும்.

இதை இந்த மாதமே உங்கள் குழுவில் பேசி, தீர்மான நோட்டில் எழுதிவிடுங்க.