வெயிலில் ஆடிய பவளக்கொடி

    

‘ஆரம்பகாலப் பேசும்படம் என்பது படம் பிடிக்கப்பட்ட நாடகம், வேறொன்றுமில்லை.’ இதை ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். அன்று எனக்கு மறுமொழி சொல்ல ஐந்து நிமிடம் தந்தார்கள். இன்று இந்த உரைக்கு ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது.

1934இல் வந்த ‘பவளக்கொடி’யையே எடுத்துக்கொள்வோம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகம். அல்லியின் மகன் புலந்திரன் பவளத்தேர் கேட்டு அழ, பவளம் தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடி என்ற பெண்ணையே மணந்துகொள்ளும் கதை. மேடையில் இணையாக நடித்துப் பேர் வாங்கியிருந்த தியாகராஜ பாகவதரையும் எஸ்.டி. சுப்புலட்சுமியையும் வைத்து கே. சுப்பிரமணியம் இயக்கினார். இயக்குநருக்கும் பாகவதருக்கும் அதுவே முதல் படம். சுமார் 50 பாட்டுகள். கதை, நடிகர், பாட்டு மூன்றும் மேடையிலிருந்து வந்தவை, பிறகென்ன என்பார்கள் நண்பர்கள்.

பிறகு இருப்பது காக்கை.

நாடகம் இரவுக் கலை. பல ஊர் நடிகர்கள் ஓர் இரவுக்கு மட்டும் கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகம் பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். இந்தப் படத்தையோ அடையாற்றில் திறந்தவெளியில், சூரியனை நம்பி எடுத்தார்கள். மேகம் வந்தால் வேலை நின்றது. இரவு முழுக்கப் பாடிப் பழகிய தொண்டை உச்சி வெயிலில் பாட வேண்டியதாயிற்று. மதியச் சாப்பாடு முடிந்ததும் சிந்திய சோற்றுக்குக் காக்கைகள் கூடிவிடும். அவற்றை விரட்டவே துப்பாக்கியோடு ஓர் ஆளை வைத்திருந்தார்கள் என்று திரை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எல்லோரும் இதைச் சிரிப்புத் துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். என் வாதம் முழுவதும் இந்தத் துணுக்கில்தான் இருக்கிறது.

நாடகக் கொட்டகையில் குழந்தை அழும், சோடாக்காரன் கத்துவான், ஆர்மோனியக்காரர் குறுக்கே புகுந்து பாடுவார். எதுவும் பாட்டைக் கெடுக்காது. நடிகரின் தொண்டை அத்தனைக்கும் மேலே ஏறி நிற்கும். மைக்குக்கு இந்தத் தாட்சண்யம் கிடையாது. பாகவதரின் பிருகாவையும் காக்கையின் கரைதலையும் அது ஒரே மரியாதையோடு வாங்கிக்கொள்ளும். பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு வர ‘நந்தகுமார்’ (1938) வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை நடிக்கும்போதே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிரா பார்வைக்கு வெளியே ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். சரணத்தின் கடைசி அடியில் ஒரு காக்கை கரைந்தால் அந்தப் பாட்டைத் திரும்பவும் தொடக்கத்திலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

இப்போது கொட்டகையின் ‘ஒன்ஸ்மோர்’ஐ நினைத்துப் பாருங்கள். அங்கே பாட்டு நன்றாக இருந்தால் மறுபடி பாடச் சொன்னார்கள். அடையாற்றில் பாட்டு கெட்டால் மறுபடி பாடச் சொன்னார்கள். பாடகன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்பதே இங்கு தலைகீழாகிவிட்டது. இதைப் படம் பிடிக்கப்பட்ட நாடகம் என்று எப்படிச் சொல்வது? விருந்து வரக் கரைந்த காக்கைக்கு எவ்வளவு சோறு போட்டாலும் தகும் என்ற கருத்தில் பாடிய நச்செள்ளையார், காக்கைபாடினியார் என்று பேர் பெற்றார். அதே காக்கைமீது நம் சினிமா துப்பாக்கி நீட்டியது. கேட்கும் முறை மாறிப்போனதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

50 பாட்டு ஏன் என்ற கேள்விக்கும் இதே வழியில் விடை தேடலாம். பாட்டைக் குறைத்தால் வசனம் பேச வேண்டும். ஸ்பெஷல் நாடகத்து வசனம் எதிராளியின் வாயைப் பார்த்து அப்போதைக்கப்போது பிறக்கும் தர்க்கம். அளந்து ஓடும் ரீலுக்குள் அது அடங்காது; முன்பே அளவு தெரிந்த பாட்டு அடங்கும். 

இனிச் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. இந்தப் படத்துக்குப் பாட்டெழுதிய பாபநாசம் சிவனின் பாட்டுகளையும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாட்டுகளையும் சுருதி வாரியாக யாராவது ஒப்பிட வேண்டும். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிச் சேர்க்க வேண்டும்.   ஆர்மோனியக்காரர்களைப் பற்றி ஒரு முனைவர் பட்ட ஆய்வாவது வரட்டும்.