பதில் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று பத்து நிமிடம் சொல்லுங்கள் என்றார் செயலாளர். காரணமும் சொன்னார். மெயின்டனன்ஸ் தொகை சில வீடுகளிலிருந்து இரண்டு முறை வந்துவிடுகிறதாம். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சுற்றிக்கொண்டே இருந்தது சார், போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பினேன்."

அந்தப் "போகவில்லை என்று நினைத்து" என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

மணியார்டர் காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்பினால், சில நாட்களில் அவருடைய கையெழுத்தோடு ஒரு சீட்டு திரும்பி வரும். சீட்டு வரவில்லை என்றால்? பணம் சேராமல் இருக்கலாம். பணம் சேர்ந்து, சீட்டு மட்டும் தொலைந்திருக்கலாம். எல்லாம் சரியாக நடந்து, தபால் தாமதமாகியிருக்கலாம். அனுப்பியவருக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கம்ப்யூட்டர்களுக்கும் இதே சிக்கல்தான். 1975-இல் மூன்று ஆய்வாளர்கள் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். 1978-இல் ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் இதற்கு 'இரு தளபதிகள்' என்று பெயர் வைத்தார். இரண்டு மலைகளில் இரண்டு படைகள், நடுவே பள்ளத்தாக்கில் எதிரி. இருவரும் ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதன் வழியில் பிடிபடலாம். "நாளை காலை" என்று முதல் தளபதி சொல்லி அனுப்புகிறார். "சரி" என்று பதில் வருகிறது. ஆனால் தன் பதில் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டாமவருக்குத் தெரியாது. "உங்கள் சரி கிடைத்தது" என்று இன்னொரு தூதனை அனுப்பினால், அவன் போய்ச் சேர்ந்தானா என்று முதலாமவருக்குத் தெரியாது. எத்தனை தூதர்களை அனுப்பினாலும் கடைசித் தூதன்மீது சந்தேகம் இருந்துகொண்டேதான் இருக்கும். செய்தி தொலையக்கூடிய வழியில் நூறு சதவீத நிச்சயம் கிடைக்காது. இது கணக்குபோட்டு நிரூபித்த விஷயம்.

அப்படியானால் இணையம் எப்படி ஓடுகிறது? முழு நிச்சயம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 1974-இல் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த டிசிபி என்ற முறை இன்றும் நம் போன்களில் வேலை செய்கிறது. அனுப்பும் தகவலுக்கு வரிசை எண் உண்டு. வாங்கியவர் "இதுவரை வந்தது" என்று பதில் சொல்ல வேண்டும். குறித்த நேரத்தில் பதில் வராவிட்டால், அதே தகவல் அதே எண்ணோடு மறுபடி போகும். ஏற்கெனவே வந்த எண் என்றால் வாங்கியவர் அதை ஒதுக்கிவிடுவார். மறுபடி அனுப்புவதால் கெடுதல் இல்லை. புது எண் போட்டு அனுப்புவதுதான் ஆபத்து.

இப்போது யுபிஐக்கு வருவோம். நீங்கள் ஒரு தொகை அனுப்பும்போது உங்கள் வங்கி, பெறுபவரின் வங்கி, நடுவில் என்பிசிஐ என்று பல கம்ப்யூட்டர்கள் பேசுகின்றன. உங்கள் கணக்கில் பணம் பிடித்தாகிவிட்டது, மறுபக்கத்திலிருந்து பதில் வரவில்லை. அப்போதுதான் 'பெண்டிங்' என்று காட்டுகிறது. தோல்வி என்று அது சொல்லவில்லை. இன்னும் தெரியவில்லை என்கிறது. வங்கிகள் பிறகு கணக்கை ஒப்பிட்டு முடிவு செய்யும். அதற்குள் நீங்கள் மறுபடி அனுப்பினால், அது புது எண்ணோடு போகும் புதுப் பரிவர்த்தனை. பழையதுதான் இது என்று எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. இரண்டுமே போய்ச் சேரலாம்.

பணம் நடுவில் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்திருக்கிறது. கணக்கில் பிடித்த பணம் பெறுபவருக்குச் சேராவிட்டால், சாதாரணப் பணப் பரிமாற்றத்தில் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி, கடைக்கு உறுதி கிடைக்காத பணம் என்றால் 5 நாட்களுக்குள். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

ஆகவே நம் வளாகத்துக்கு நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

ஒன்று: 'பெண்டிங்' என்று வந்தால் மறுபடி அனுப்பாதீர்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு பொருளாளரிடம் சொல்லுங்கள். கடைசி நாள் தாண்டினாலும் அந்த எண் கையில் இருந்தால் அவர் பொறுத்துக்கொள்வார்.

இரண்டு: பணம் அனுப்பும்போது குறிப்பில் வீட்டு எண்ணும் எந்தக் காலாண்டு என்பதும் இருக்கட்டும். அதுதான் நம் வரிசை எண். இரண்டு முறை வந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

மூன்று: தண்ணீர் லாரிக்கு ஒருவர் மட்டும் சொல்லட்டும். நினைவூட்டும்போது "லாரி வேண்டும்" என்று சொல்லாமல், "பி பிளாக்கின் இன்றைய முதல் லாரி என்ன ஆயிற்று" என்று கேளுங்கள். முன்னது இரண்டாவது லாரியை வரவழைக்கும்.

நான்கு, இதுதான் முக்கியம். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டாலோ, தனியாக இருக்கும் பெரியவருக்கு உடம்பு சரியில்லை என்றாலோ, வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். நீல டிக் வந்தால் செய்தி திறக்கப்பட்டது என்றுதான் அர்த்தம். ஒருவர் கிளம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. போனில் கூப்பிடுங்கள். நீங்கள் சொன்னதைச் செக்யூரிட்டியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்த எண்ணுக்குப் போங்கள். உதவி கேட்டு இரண்டு பேர் ஓடி வந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. பணத்தில்தான் இரண்டு முறை கூடாது.

எங்கே மறுபடி கேட்கலாம், எங்கே பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதுதான் பொறியாளர்கள் செய்யும் வேலை. அதை நாமும் செய்யலாம். அவசர எண்களின் வரிசையை இன்றே முடிவு செய்து, ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் ஒட்டிவிடுவோம் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.