மொழி கற்பிக்கக் கற்ற நான்கு வாரங்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் மாலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் நாங்கள் இருவரும், பணியேற்ற இரண்டாம் ஆண்டிலேயே இலண்டன் சென்று மொழியாசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பினோம். பேசுபவர் ஒருவராயினும் சொல்லப்படுவது இருவர் கருத்து என்றே கொள்ளுமாறு வேண்டுகிறோம். அங்குள்ள மாளிகைகளையும் குளிரையும் வருணித்து உங்கள் பொழுதைக் கவர நாங்கள் எண்ணவில்லை. கற்றவற்றுள் நமக்கு உதவுவது எது, உதவாதது எது என்பதே எங்கள் பேச்சு.

நாங்கள் பெற்றது 'செல்டா' எனப்படும் சான்றிதழ்ப் பயிற்சியாகும். 1962இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்பார் இலண்டனில் நடத்திய இரண்டு வாரப் பயிற்சியே இதற்கு வித்து. இன்று முழுநேரமாகப் பயில்வோருக்கு அது நான்கு வாரம். குறைந்தது 120 மணி நேரம் அமர வேண்டும். அதனுள் 6 மணி நேரம் உண்மையான மாணாக்கருக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். நம் நாட்டுக் கல்வியியல் கல்லூரிகளில் கோட்பாடு முதலில், வகுப்பறை பிறகு. அங்கோ முதல் வாரத்திலேயே வகுப்பினுள் நிறுத்திவிடுகிறார்கள். உடன்பயில்வோர் சுவரோரம் அமர்ந்து குறிப்பெடுப்பர். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து குறையும் நிறையும் கூறுவர். குறை கூறுதல் பகைமை ஆகாது என்னும் பழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்ற வேண்டியதாகவே உள்ளது.

அங்கே ஆசிரியர் சொல்லக் கூடாத ஒரு தொடர் உண்டு. 'புரிந்ததா?' என்பதே அது. நம் பள்ளிகளில் நாளொன்றுக்கு எத்தனை முறை அக்கேள்வி எழுகிறது! 'புரிந்தது ஐயா' என்று வகுப்பே ஒரே குரலில் விடை கூறும். புரியாத பிள்ளையும் அக்குரலோடு குரல் சேர்க்கும். அதற்கு மாறாக, புரிந்தாலன்றி விடை கூற இயலாத சிறு வினாக்களைக் கேட்கப் பழக்குகிறார்கள். 'அவர் முன்பு இவ்வூரில் குடியிருந்து வந்தார்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரைக் கற்பித்தபின், 'அவர் இப்போது இவ்வூரில் இருக்கிறாரா?' என்று கேட்க வேண்டும். விடையிலேயே உண்மை வெளிப்பட்டுவிடும். இதற்குப் பொருட்செலவு இல்லை, கருவியும் வேண்டா. நாளையே நம் பள்ளியில் செய்யலாம்.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது ஒரு துருக்கிப் பாடம். பயிற்சியின் தொடக்க நாளன்றில், எங்களுள் ஒருவருக்கும் தெரியாத துருக்கி மொழியில், வேறு ஒரு சொல்லும் கலவாமல், பயிற்றுநர் 40 நிமிடம் பாடம் நடத்தினார். மொழி அறியா மாணாக்கனின் நிலையை ஆசிரியர் உணர வேண்டும் என்பது நோக்கம். எங்களுடன் பயின்ற வெள்ளையர் பலர் வியர்த்துப் போயினர். வீட்டில் எழுத்தறிந்தோர் எவருமின்றிப் பள்ளிக்கு வரும் நம் பிள்ளை, ஆங்கில வகுப்பில் அந்த வியர்வையோடுதான் 10 ஆண்டுகள் அமர்ந்திருக்கிறது. அதை மந்தம் என்று பெயரிட்டுவிட்டோம்.

அப்பாடத்தில் வேறொன்றும் கண்டோம். துருக்கியில் 'எவ்' என்றால் வீடு, 'எவ்லெர்' வீடுகள், 'எவ்லெர்தெ' வீடுகளில். நம் தமிழைப் போலவே சொல்லின் ஈற்றில் உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுகின்றன அன்றோ! ஆங்கிலேயர் தடுமாறிய இடத்தில் நாங்கள் எளிதாகச் சென்றோம். தாய்மொழி புது மொழிக்குத் தடை என்பாருக்கு இதனினும் தெளிவான மறுமொழி வேண்டியதில்லை. ஆகவே, வகுப்பில் தாய்மொழி நுழையவே கூடாது என்று அங்குக் கூறப்பட்டதை நாங்கள் ஏற்கவில்லை. பத்து நாட்டார் கலந்திருக்கும் இலண்டன் வகுப்பில் அது தவிர்க்க முடியாததாகலாம். அனைவரும் தமிழராகிய வகுப்பில், ஒரு தமிழ்ச் சொல்லால் நொடியில் விளங்குவதைக் கைகால் அசைத்து விளக்குவது வீண்.

மூன்றாம் வாரத்தில் ஒரு வியப்பு. மாணாக்கருக்கு இலக்கணத்தை விதியாகச் சொல்லாமல், சிந்தித்துச் செய்ய வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்து, அதன் வழியே மொழியைப் படியச் செய்யும் முறையைப் புதுமை என்று அறிமுகப்படுத்தினார்கள். அதன் மூலம் எது என்று பார்த்தால், நம் தென்னாடு! என். எஸ். பிரபு என்னும் அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களின் பள்ளி வகுப்புகளில் நடத்திய ஆய்வு அது. புகைவண்டிக் கால அட்டவணையையும் நிலப்படத்தையும் கொடுத்துக் கணக்கிடச் செய்தார்கள். பிள்ளைகள் விடை தேடும்போதே ஆங்கிலம் உடன் வந்தது. 1987இல் அது நூலாகியது. அதுபோலவே, எளிய சொற்பட்டியலால் புகழ்பெற்ற மைக்கேல் வெஸ்ட் என்பவர் தம் கருத்துகளை வளர்த்தது டாக்காவில் வங்காளப் பிள்ளைகளிடையே. கடலூரில் விளைந்ததை அறிய இலண்டனுக்குக் கட்டணம் செலுத்த நேர்ந்ததை எண்ணி நாங்கள் நகைத்துக் கொண்டோம்.

இருக்கைகளைப் பற்றியும் கூற வேண்டும். அவற்றைக் குதிரை இலாட வடிவில் போடுவார்கள். அங்கே கடைசி வரிசை என்று ஒன்று இராது. நம் பாட்டனார் காலத்தில் வகுப்பிற்கு வெளியே அமர்ந்தும், தந்தையார் காலத்தில் கடைசி வரிசையில் அமர்ந்தும் கற்ற மரபினர்க்கு அவ்வடிவம் வெறும் வசதியாகத் தோன்றாது.

வெளிநாட்டில் சாதி இல்லை என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டா. பயிற்சிக் கூடத்தில் எவரும் எங்கள் குலத்தைக் கேட்கவில்லை. ஆனால், விருந்துக்கு அழைத்த நம் நாட்டார் வீடொன்றில், சோறு பரிமாறு முன்னரே எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்ற வினா வந்தது. பிரித்தானியச் சமத்துவச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகச் சேர்க்க 2013இல் நாடாளுமன்றம் வகை செய்தது. 2018இல் அந்நாட்டு அரசு அதைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது.

எந்த மொழியை யார் கற்கலாம் என்பது நமக்குப் பழைய வழக்கு. அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் வடமொழி பயில விரும்பினார். மறுக்கப்பட்டதால் பாரசீகம் பயின்றார். பின்னர்த் தம் முயற்சியால் வடமொழியும் கற்றார். இன்று ஆங்கிலத்தை எவரும் மறுப்பதில்லை. கட்டணமும் மோசமான கற்பித்தலும் அவ்வேலையைச் செய்கின்றன.

செல்ல விரும்பும் இளைஞருக்கு ஒன்று. மைய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55இல் தொடங்கியது. அது முதுகலைக்கும் முனைவர் பட்டத்திற்கும் உரியது. எங்களுடையது போன்ற குறும்பயிற்சிக்குக் கிடைக்காது. ஆதலின் மொழி கற்பித்தலில் முதுகலைக்கு விண்ணப்பிப்பதே தக்கது. 2022ஆம் ஆண்டு விதிகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளை அதிலிருந்து விலக்கின. தலைப்பைத் தேர்வோர் இதைக் கருதுக. விதிகள் மாறுவன, படிவம் நிரப்புமுன் அவ்வாண்டின் அறிவிப்பை முழுதும் படியுங்கள்.

எங்கள் பயணச் செலவின் ஒரு பகுதி இச்சங்கத்து உறுப்பினர் மாதந்தோறும் ஈந்த பணம். எனவே சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வகுப்பைத் திறந்து வைக்கிறோம். ஆசிரியராக விரும்புவோர் சுவரோரம் அமர்ந்து பார்க்கலாம், முடிந்தபின் எங்கள் குறையைச் சொல்லலாம். குறிப்பேடு ஒன்று கொண்டு வாருங்கள்.