நான்கு தூண்களுக்கு நடுவே

நடு ஜாவாவில் சூரகர்த்தா என்றொரு நகரம். ஊர்க்காரர்களுக்கு அது சோலோ. 1745இல் கார்த்தசூராவிலிருந்து அரச குடும்பம் இங்கே குடிபெயர்ந்தது. அவர்களுடைய அரண்மனையின் கொலுமண்டபம்தான் சசானா செவாக்கா. வரலாறு இத்தனை போதும்; எனக்குப் பிடித்த கூரைக்குப் போய்விடுகிறேன்.

கட்டடக்கலை மாணவர்களுக்கு வரைபடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்த மண்டபத்தை வரையச் சொன்னால் பலரும் சுவரைத் தேடுவார்கள். சுவரே இல்லை! "அப்போ எங்கேருந்து சார் ஆரம்பிக்கறது?" நடுவே நிற்கும் நான்கு தூண்களிலிருந்து. சோகோ குரு என்று அவற்றுக்குப் பெயர். தேக்குத் தூணை மண்ணில் புதைப்பதில்லை, கல் பீடத்தின் மேல் நிறுத்துகிறார்கள்; ஈரம் மரத்தில் ஏறாது. தூண்களின் தலையில் உத்தரங்களைச் சதுரமாக அடுக்குகிறார்கள். தும்பாங் சாரி என்ற இந்த அடுக்கின் முன்னால் நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன், நேயர்களே! வெளிப்பக்கம் மேலே போகப்போக விரிந்து கூரையைத் தாங்குகிறது. உட்பக்கமோ படிப்படியாகக் குறுகுகிறது. அண்ணாந்து பார்த்தால் சதுரத்துக்குள் சதுரம். மரத்தைத் துளைத்து மரத்தையே செருகிய பொருத்துகள் என்பதால், நிலம் நடுங்கும்போது சற்று நெகிழ்ந்துகொடுக்கும்.

கூரை மிக உயரமாக எழும் அந்த நடுவிடத்தில்தான், மன்னர் முடிசூடிய நாளை ஒட்டி ஆண்டுக்கொரு முறை பெடாயா கெத்தாவாங் என்ற நடனத்தை ஆடுகிறார்கள். மணப்பெண் கோலத்தில் ஒன்பது பெண்கள், காமெலான் இசைக்கு மிக மெதுவாக அசைவார்கள். தென்கடல் அரசி ராத்து கிடூலும் கண்ணுக்குத் தெரியாமல் வந்து ஆடுவதாக நம்பிக்கை. இந்த நடனத்தின் ஒத்திகைக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. ஜாவாவில் ஐந்து நாள் சந்தை வாரமும் உண்டு. அதன் கிளிவோன் நாள் செவ்வாயோடு சேர்வது 35 நாளுக்கொரு முறை. ஒத்திகை அன்றுதான். இம்மண்டபத்தில் மன்னர் முன்னே பணியாளர்கள் நிமிர்ந்து நடப்பதில்லை. குந்தியபடியே நகர்ந்து கைகூப்புவார்கள்.

1985 ஜனவரி 31 இரவு இம்மண்டபம் தீக்கிரையானது. ஆனாலும் 1987இல் அதே வடிவில் எழுந்து நின்றது. தச்சர்களின் கையறிவு அறுந்துபோகாததால் அது முடிந்தது என்றே நான் நினைக்கிறேன்.

நேரம் நெருங்குகிறது. ஜாவா போகிறவர்கள் பொரோபுதூர் பௌத்தத் தூபியோடு திரும்பிவிடாமல் சோலோவுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். சசானா செவாக்காவை முற்றத்திலிருந்துதான் பார்க்க முடியும். அதே ஊரின் மங்குநெகாரான் அரண்மனையில் கூரைக்கடியிலேயே நிற்கலாம். வண்ணம் தீட்டிய உட்கூரையை அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்.