மனை மனையாக அனுமதி, ஏலா முழுக்க வெள்ளம்

கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், கொல்லயில் பஞ்சாயத்துகளிலிருந்தும், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் களியக்காவிளை, கொல்லங்கோடு பகுதிகளிலிருந்தும் நாம் வந்திருக்கிறோம்.

வயலில் மண் இட்டு நிரப்பி வீட்டுமனைகளாக்கும் திட்டங்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை நான்குவழிச் சாலை வந்துவிட்டது. பெரிய சாலை வந்தால் அதன் இருபுறமும் மனை விற்பனைப் பலகைகள் முளைப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வீடு கட்ட நினைப்பவரும் நம்மவர், நிலம் விற்க நினைப்பவரும் நம்மவர். என் வாதம் ஒன்றே ஒன்றுதான். அனுமதி மனை மனையாகக் கொடுக்கப்படுகிறது. வெள்ளமோ ஏலா என்னும் வயற்பரப்பு முழுவதற்கும் சேர்ந்து வருகிறது. ஐந்து சென்டுக்கும் பத்து சென்டுக்கும் தனித்தனியாகப் பார்த்துக் கையெழுத்திடும் முறை இருக்கும்வரை, ஒவ்வொரு கையெழுத்தும் சட்டப்படி சரியாக இருக்கும், மொத்த ஊரும் தண்ணீரில் நிற்கும். ஆகவே முடிவெடுக்கும் அலகு மனையாக இருக்கக் கூடாது, ஏலாவாக இருக்க வேண்டும். இதை நிரூபிப்பதும், இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுக்குப் பதில் சொல்வதும்தான் என் வேலை.

முதலில் நம் நிலத்தின் அமைப்பைப் பாருங்கள். நெய்யாறு அகத்தியர் மலையில் பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறில் கடலைச் சேர்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த இடைநாடு குன்றும் பள்ளமும் மாறி மாறி வரும் பூமி. குன்றின் மேலே ரப்பர். சரிவில் தென்னை, மரச்சீனி, வீடுகள். அடியில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே நீளவாக்கில் கிடக்கும் வயற்பரப்புதான் ஏலா. அதன் தலைப்பில் ஒரு குளம், ஓரத்திலோ நடுவிலோ தோடு என்னும் சிற்றோடை, தோட்டின் கரையை வேரால் பிடித்து நிறுத்தும் தாழை. மேல் கண்டத்தில், அதாவது மேல் வயல்துண்டில், நிற்கும் நீர் வரப்பில் வெட்டிய வாய்மடை வழியாகக் கீழ் கண்டத்துக்கு இறங்கும். அங்கே நின்று, நிறைந்து, அதற்கும் கீழே இறங்கும். இப்படிப் படிப்படியாக இறங்குவதால்தான் குன்றில் காலையில் பெய்த மழை அன்று மாலையே மொத்தமாகத் தோட்டில் பாய்வதில்லை. சரிவில் இருக்கும் வீட்டுக் கிணற்றில் மாசியிலும் பங்குனியிலும் நீர் நிற்பதற்கும் அடியில் இருக்கும் இந்த ஈரமே காரணம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். பத்து ஏக்கர் ஏலா, அதைச் சுற்றி நூறு ஏக்கர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்தால், வானிலைத் துறை அதைக் கனமழை என்றுதான் சொல்லும், அதிகனமழை என்று சொல்லாது. அந்த மழையில் சரிவின் மேல் மட்டும் நான்கு கோடி லிட்டர் விழுகிறது. மண்ணும் மரமும் பெரும்பகுதியைக் குடித்து, மூன்றில் ஒரு பங்கு மட்டும் கீழே இறங்கினாலும் ஒரு கோடியே முப்பது லட்சம் லிட்டர். பத்து ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர். அதாவது வருகிற வெள்ளத்தில் பெரும்பகுதியை ஒரு அடி உயர வரப்பு தாங்கிவிடுகிறது. இப்போது ஏலாவில் பாதியை மண் போட்டு மேடாக்குங்கள். அறுபது லட்சம் லிட்டருக்கு இடம் போயிற்று. பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் அறுநூறு லாரி. அது மிச்சமிருக்கும் ஐந்து ஏக்கரில் இன்னொரு அடி ஏறும், அல்லது கீழே இருப்பவர் வீட்டு நடையில் ஏறும். அதோடு, புதிதாக வந்த கூரையிலும் கான்கிரீட் முற்றத்திலும் விழும் மழையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு உடனே வழிந்துவிடும். அந்த ஐந்து ஏக்கரை ஒரு மீட்டர் உயர்த்த இருபதாயிரம் கன மீட்டர் மண் வேண்டும். பத்து கன மீட்டர் கொள்ளும் டிப்பரில் இரண்டாயிரம் லோடு. அந்த மண் எங்கிருந்து வரும்? இன்னொரு குன்றை ஜேசிபி வைத்து இடித்துத்தான் வரும். பள்ளத்தை மேடாக்க மேட்டைச் செங்குத்தாக வெட்டினால், ஒரே திட்டத்தில் வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் சேர்த்து வழி செய்கிறோம்.

இதெல்லாம் வெறும் காகிதக் கணக்கு என்று சொல்வதற்கில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் கண்ட பெருவெள்ளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் 19 வரை வழக்கத்தைவிட 42 விழுக்காடு கூடுதல் மழை பெய்தது. பெரியாறும் பம்பையும் சாலக்குடி ஆறும் பட்ட பாடு நமக்கு வரவில்லை என்று நாம் நிம்மதி கொண்டோம். 2021 நவம்பர் 13 அந்த நிம்மதியைக் கலைத்தது. பாறசாலைக்கும் இரணியலுக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில்கள் நின்றன. நெய்யாற்றின்கரை மூன்றுகல்லின்மூட்டில் தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தின் ஒரு பகுதியே இடிந்தது. குமரி மாவட்டத்தில் ஊர்கள் தனித்தீவுகளாயின. கேரளத்தில் மழை குறைந்த தென்கோடி நம்முடையது என்பது உண்மை. ஆனால் வெள்ளத்தைத் தீர்மானிப்பது ஆண்டு முழுவதற்குமான மழை அன்று. ஒரு நாளில், ஒரு ராத்திரியில் கொட்டும் மழை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். நன்றாகவே இருக்கிறது. கேரளத்தில் எழுபதுகளின் நடுவில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் சாகுபடி இன்று சுமார் இரண்டு லட்சம் ஹெக்டேருக்கு இறங்கிவிட்டது. அந்தச் சரிவைத் தடுக்கத்தான் 2008-ல் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பஞ்சாயத்துத் தலைவரும் கிருஷி அலுவலரும் வில்லேஜ் ஆபீசரும் விவசாயிகளும் உட்காரும் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவை அது ஏற்படுத்தியது. எங்கே வயல் இருக்கிறது என்ற டேட்டா பேங்க் தயாரிக்கச் சொன்னது. 2018-ல் வந்த திருத்தம், டேட்டா பேங்கில் சேராத நிலத்தைக் கட்டணம் செலுத்தி மாற்ற வழி திறந்தது. அதிலும் இரண்டு காப்புகள் உண்டு: அடுத்த வயலுக்கு நீரோட்டம் தடைபடக் கூடாது, பரப்பு 50 சென்டைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கை நீர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும். ஓட்டை எங்கே என்று இப்போது பாருங்கள். ஐந்து ஏக்கரை 50 சென்டுக்குக் கீழே துண்டு போட்டால் அந்தப் பத்தில் ஒரு பங்கு பேச்சுக்கே வராது. விண்ணப்பம் ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. அதிகாரி பார்ப்பது பக்கத்துக் கண்டத்தை மட்டும். மூன்று ஏலா தள்ளி, கலுங்கு என்னும் சிறு மதகுப்பாலம் அடைபட்டு, வெள்ளம் ஏறப்போகும் வீடு அவருடைய கோப்பில் இல்லை. இதில் அவர் நேர்மையைக் குறை சொல்ல வேண்டியதில்லை; அவரிடம் கேட்கப்பட்ட கேள்வியே சிறியது.

இந்தத் துண்டு துண்டான பார்வை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சென்னை காட்டியது. வேளச்சேரி, முடிச்சூர், வரதராஜபுரம் என்று 2015 டிசம்பரில் படகு ஓடிய இடங்களில் பலவும் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் வெள்ளச் சமவெளியுமாக இருந்தவை. அங்கே பல மனைகளுக்குப் பட்டாவும் இருந்தது, வங்கிக் கடனும் இருந்தது. எதிர்ப்பக்கத்துக்கு ஆறன்முளை உதாரணம். வயலையும் தோட்டையும் நிரப்பி வரவிருந்த விமான நிலையத்துக்குத் தந்த சுற்றுச்சூழல் அனுமதியை, 2014-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு ரத்து செய்தது. ஊர் மக்கள் விடாமல் வாதாடியதால் கிடைத்த பலன் அது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்புதான் மிக நியாயமானது. வீடில்லாதவன் எங்கே போவான்? அவனுக்கு வெள்ளத்தைக் காட்டிப் பயமுறுத்துவது மனிதத்தன்மையா? இதற்கு இரண்டு பதில். ஒன்று, வயலைத் தவிர வேறு நிலம் இல்லாதவர் சொந்த வீடு கட்டப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை 2008 சட்டமே இடம் தருகிறது. நாம் கேள்வி கேட்பது அந்த ஏழையை அன்று, ஏக்கர் கணக்கில் நிரப்பி விற்கும் மனைப்பிரிவை. இரண்டு, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் ஏறத்தாழ 12 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. நம்மிடம் இருப்பது வீட்டுப் பற்றாக்குறை மட்டும் அல்ல, வீடு யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற சிக்கலும்தான். உண்மையில் வயலை நிரப்பிக் கட்டிய மலிவு வீட்டை வாங்குபவர் நடுத்தரவர்க்கத்தின் கடைசிப் படியில் நிற்பவர். இருபது ஆண்டுக் கடன் தவணையோடு வெள்ளத்தையும் அவர் தலையில் ஏற்றுவதை இரக்கம் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு: நெல் போட்டு எவ்வளவு காலமாயிற்று, தரிசாய்க் கிடக்கும் வயலைக் காத்து என்ன பயன்? நெல் போடாவிட்டாலும் வயல் பள்ளமாகத்தான் இருக்கிறது. பள்ளத்தில்தான் நீர் நிற்கிறது. கேரள அரசே இதை ஒப்புக்கொண்டு, நெல்வயலை மாற்றாமல் வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ராயல்டி என்று 2020-ல் தொடங்கியது. தொகை கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் தத்துவம் சரியானது. ஊருக்கு வெள்ளம் தாங்கும் வேலையை வயல் செய்கிறது, அதற்குக் கூலி உண்டு என்று அரசு கையெழுத்திட்டிருக்கிறது.

மூன்றாவது மறுப்பு பொறியாளர்களிடமிருந்து வருகிறது: நல்ல கான்கிரீட் ஓடை கட்டிவிட்டால் போயிற்று! ஓடை தண்ணீரை விழுங்காது, வேகமாகக் கடத்திவிடும். எங்கே கடத்தும் என்பதுதான் கேள்வி. கீழே இருக்கும் கலுங்கு பழைய அளவில்தான் இருக்கிறது. அதற்கும் கீழே நெய்யாறு நிறைந்து ஓடும் நாளில் தோட்டு நீர் ஆற்றில் இறங்க இடமில்லாமல் பின்வாங்கும். பூவாறில் பொழி என்னும் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, கடலும் கொந்தளித்துக் கிடந்தால் ஆறே தயங்கி நிற்கும். கடைவாயில் இடமில்லாதபோது தலைப்பில் அகலமான ஓடை கட்டுவது, என் வீட்டுத் தண்ணீரை உன் வீட்டுக்கு விரைவாக அனுப்பும் ஏற்பாடு, அவ்வளவுதான்.

நான்காவது, நில உரிமையாளரின் குரல். விளைச்சலில் காசில்லை, கூலிக்கு ஆளில்லை. ஊர் நனையாமல் இருக்க என் நிலம் மட்டும் ஏன் விலையில்லாமல் கிடக்க வேண்டும் என்கிறார். இந்தக் கோபத்தை அலட்சியம் செய்பவர்களோடு நான் இல்லை. இவ்வளவு சிறிய தொகை அவருக்கு அவமானம். அந்த ராயல்டியை நிலம் செய்யும் வேலைக்குத் தக்கபடி உயர்த்த வேண்டும், அதில் பஞ்சாயத்துகளும் பங்கு போட வேண்டும். அதே நேரத்தில் ஒன்றையும் மறக்கக் கூடாது. மேல் நிலத்தில் இயல்பாக விழும் நீர் கீழ் நிலத்தின் வழியே இயல்பாக ஓட விடப்பட வேண்டும் என்பதை மேல் நிலத்தவரின் உரிமையாகவே 1882-ஆம் ஆண்டு இந்திய ஈஸ்மென்ட் சட்டம் சொல்லிவைத்திருக்கிறது. சொத்துரிமை அவருக்கு மட்டும் அல்ல, அவருக்கு மேலும் கீழும் இருப்பவர்களுக்கும் உண்டு.

கடைசியாக எல்லை. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தாலுகா எல்லை மாநில எல்லையாயிற்று. தாலுகாவைப் பிரித்தவர்கள் தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்துக் கோடு போடவில்லை. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த பாசன நீர் 2004-ல் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஏறியது. பாசன நீரைக் கோடு போட்டு நிறுத்தலாம். மழைவெள்ளத்தை அப்படி நிறுத்த முடியாது. பூவாறிலிருந்து பொழியூர், நீரோடி வழியாகத் தெற்கே போகும் பழைய ஏ.வி.எம். கால்வாய் தூர்ந்தால் இரு மாநிலக் கடலோர ஊர்களும்தான் திணறும். ஆனால் கேரளத்தின் டேட்டா பேங்க் களியக்காவிளையில் முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் மனைப்பிரிவு விதிகளுக்கு இஞ்சிவிளையில் வேலையில்லை. எல்லையோர ஏலாக்களை இரண்டு கலெக்டர் அலுவலகங்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்காமல் முழுக் கணக்கு கிடைக்காது.

எனவே இந்தக் கூட்டம் ஒரு தீர்மானத்தை அடுத்த கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏலா ஒவ்வொன்றுக்கும், தலைப்புக் குளத்திலிருந்து தோடு ஆற்றில் சேரும் இடம் வரை மட்டம் எடுத்த வரைபடம் வேண்டும். அதில் ஒவ்வொரு கலுங்கின் அகலமும் குறிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே நிரப்பிய பரப்பையும் கூட்டிப் பார்த்துத்தான் புது விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும். துண்டு போட்டு வந்தாலும் ஒரே ஏலாவிலுள்ள மனைகளை ஒரே திட்டமாகக் கொண்டு, பத்தில் ஒரு பங்கு நீருக்கு விடப்பட வேண்டும். கட்டுவதற்கு முன் எவ்வளவு நீர் வெளியேறியதோ, கட்டிய பின்னும் அதற்கு மேல் ஒரு லிட்டர் கூட வெளியேறாது என்று திட்டம் போடுபவர் கணக்குக் காட்ட வேண்டும். கணக்குக் காட்டுபவர் தாராளமாகக் கட்டட்டும், நாமே போய்க் கால்கோள் விழாவில் நிற்போம். காட்ட முடியாதவருக்கு, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கிராம சபை எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் வாய்ப்பு இன்று நம் கையில் இருக்கிறது. மண் கொட்டிய பிறகு நமக்கு மிஞ்சுவது நிவாரணத்துக்கு மனு எழுதும் உரிமை மட்டும்தான்.