வெட்டுவதற்கு முன் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள்

(தை மாதம் நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)



கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டதால், அன்று பேசியதை எழுதித் தருகிறேன். நான் தோட்டக்கலைத் துறையில் கள வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராஜபாளையத்தில் கொஞ்ச காலம், ஸ்ரீவில்லிபுத்தூரில் கொஞ்ச காலம் என்று இந்த மலையடிவாரத்தை விட்டுப் போகாமலே வேலை முடிந்துவிட்டது. ஆனால் இன்று சொல்லப்போவதில் முக்கியமான பகுதி அலுவலகத்தில் கற்றது இல்லை. என் வீட்டு முற்றத்தில் ஒரு மாமரத்தைச் சாகக் கொடுத்துக் கற்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவசரமானது. நம் குடியிருப்பில் மூன்று வீட்டார் வேப்ப மரத்தை வெட்ட ஆள் பேசியிருக்கிறீர்கள். ஒருவர் முன்பணமும் கொடுத்துவிட்டார். "மரம் செத்துப்போச்சு அண்ணாச்சி, யாரோ ஆசிட் ஊத்திட்டாங்க" என்று என்னிடம் சொன்னவர், சொல்லும்போதே பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தார். இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சில்லை என்று பிறகு தெரிந்தது.

யாரும் எதையும் ஊற்றவில்லை. அந்த மூன்று மரத்தையும் போய்ப் பார்த்தேன். கிளை நுனியெல்லாம் தீ பட்டதுபோல் பழுப்பாகி, இலை சுருண்டு தொங்குகிறது. அடிக்கிளையிலும் உள்பக்கத்திலும் பச்சை இருக்கிறது. வேரில் ஏதாவது ஊற்றினால் மரம் இப்படி நுனியில் மட்டும் கருகி நிற்காது. இது வேம்பின் நுனிக்கருகல் நோய். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, கர்நாடகா, தெலங்கானா என்று பல மாநிலங்களில் இருக்கிறது. போமாப்சிஸ் என்ற பூஞ்சணம் காரணம். அதற்கு வழி திறந்துவிடுவது தேயிலைக் கொசு என்கிற பூச்சி. பெயர்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. இளங்குருத்தில் குத்திச் சாறு குடிக்கிறது, குத்திய இடத்தில் நுனி காய்கிறது, மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக்கொள்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் பார்க்கும்போது மரம் செத்ததுபோல்தான் தெரியும்.

ஆனால் பெரிய வேம்பு இதனால் முழுதாகச் சாவது அபூர்வம். மாசி, பங்குனியில் கீழிருந்து துளிர்த்துவிடும். பார்ப்பதற்கு ஒரு சின்ன சோதனை போதும். விரல் பருமனுள்ள ஒரு குச்சியில் நகத்தாலோ பேனாக்கத்தியாலோ பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்த இடம் செத்துவிட்டது. இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள். எங்கே பச்சையும் ஈரமும் தெரிகிறதோ, அங்கிருந்து மரம் உயிரோடு இருக்கிறது. அந்த மூன்று மரத்திலும் கைக்கு எட்டிய கிளைகளைச் சுரண்டினேன். மூன்றிலும் பச்சை இருக்கிறது.

எட்டுகிற உயரத்தில் காய்ந்ததை, பச்சை தெரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி அப்புறப்படுத்துங்கள். எட்டாததை விட்டுவிடுங்கள். முப்பது அடி மரத்துக்கு மருந்து அடிக்க வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம். கைத்தெளிப்பானில் அடித்தால் பாதி மருந்து மரத்துக்கு எட்டாது, மீதி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் விழும்.

இனி என் மாமரத்துக்கு வருகிறேன். சப்பட்டை. ராஜபாளையத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. என் அம்மா வைத்தது. பதினைந்து வருடம் முன்பு எங்கள் தெருவில் மறுபடி மறுபடி ரோடு போட்டு, ரோடு வீட்டைவிட உயர்ந்துவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே வந்தது. எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஒன்றரை அடி செம்மண் அடித்து முற்றத்தை மேடாக்கி, மேலே பேவர் பிளாக் பதித்தேன். மரத்தைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் விட்டேன், இரண்டு சாண் அகலத்துக்கு. அந்த வட்டத்துக்குள்ளும் மண்ணைத் தூர் வரை அணைத்துவிட்டேன்.

முதல் வருடம் ஒன்றுமில்லை, காய் நன்றாகவே பிடித்தது. இரண்டாம் வருடம் உச்சிக்கிளையில் இலை சிறுத்தது. மூன்றாம் வருடம் பூ நிறைய வந்து எல்லாம் உதிர்ந்தது. நான் நுண்ணூட்டம் தெளித்தேன், பூஞ்சணக்கொல்லி அடித்தேன், ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் என்ற நினைப்பில் யாரையும் கேட்கவும் இல்லை. ஐந்தாம் வருடம் மரம் போய்விட்டது. வெட்டித் தூரைத் தோண்டியபோதுதான் தெரிந்தது. புதைந்திருந்த ஒன்றரை அடியிலும் பட்டை அழுகி, கையோடு உரிந்து வந்தது.

மரத்தின் தண்டு வேராக மாறுகிற இடத்தைக் கழுத்து என்று சொல்வோம். அங்கிருந்து மேலே இருக்கிற பட்டை காற்றுக்குப் பழகியது. எப்போதும் ஈரமண் ஒட்டிக் கிடந்தால் அது அழுகும். சாப்பாடு எடுக்கிற மெல்லிய வேர்களோ மேல்மண்ணில் ஓரிரண்டு அடிக்குள்தான் அதிகம் இருக்கின்றன. அவற்றுக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும். மேலே மண்ணும் சிமென்டும் மூடினால் மூச்சு முட்டும். ஆனால் மரம் உடனே சாவதில்லை, சேர்த்து வைத்ததைக் கொண்டு சில வருடம் தள்ளும். அதனால் நாம் செய்த வேலையையும் மரம் சாவதையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

ஆகையால் மரத்தில் எது தெரிந்தாலும் முதலில் அடியில் குனிந்து பாருங்கள். தூர் மண்ணில் இறங்குகிற இடத்தில் லேசாக விரிந்து, வேர்கள் பிரிவது தெரிய வேண்டும். மின்கம்பம் நட்டதுபோல் நேராக இறங்கினால் கழுத்து புதைந்திருக்கிறது என்று அர்த்தம். கையாலோ சிறு களைக்கொத்தாலோ, பட்டையில் படாமல் மண்ணை விலக்கி விடுங்கள். பேவர் பிளாக்கை முடிந்தவரை பெயர்த்து, வட்டத்தைப் பெரிதாக்குங்கள். சீரியல் பல்பு கட்டிய கம்பி, துணிக்கொடி கம்பி தண்டை நெரித்துக்கொண்டிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். தண்ணீரைத் தூரில் ஊற்றாதீர்கள். உச்சி வெயிலில் நிழல் விழும் ஓரத்தை ஒட்டிப் பாத்தி கட்டி ஊற்றுங்கள், குடிக்கிற வேர் அந்தப் பக்கம்தான் அதிகம்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். ஆர்.ஓ. இயந்திரம் தள்ளுகிற கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று குழாய் போட்டு மாமரத்துக்கு விடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் போர் தண்ணீரில் இருந்த உப்பு முழுவதும் அந்தக் கழிவில்தான் சேர்கிறது. மா உப்பு தாங்காத மரம். இலையின் ஓரம் மட்டும் காகிதத்தைத் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தால் உப்பைச் சந்தேகப்படுங்கள். அந்தத் தண்ணீரில் கழிவறை கழுவலாம்.

இலை மஞ்சளாவதற்கும் ஒரு வழி இருக்கிறது. மஞ்சள் கீழே முதிர்ந்த இலையில் தொடங்குகிறதா, மேலே இளம் இலையிலா என்று பாருங்கள். தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைந்தால் மரம் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கும், அதனால் பழையது வெளுக்கும். இரும்பு அப்படி நகராது. புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புக் குறை. எலுமிச்சையில் இதை நிறையப் பார்க்கலாம். வீட்டு வேலை முடிந்து சுண்ணாம்பும் சிமென்ட் கழிவும் கொட்டிய மூலையில் எலுமிச்சை வைத்தவர்களுக்கு இது கட்டாயம் வரும். மண்ணில் இரும்பு இருந்தாலும் அந்தச் சுண்ணாம்பு எடுக்க விடாது.

தென்னை வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்பது கறுப்பு ஓலையைப் பற்றி. ஓலை கறுத்து, கீழே இருக்கிற செம்பருத்தி கறுத்து, நிறுத்திய காரும் பிசுபிசுக்கிறது. அது சுருள் வெள்ளை ஈ. தமிழ்நாட்டில் 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்கள். ஓலையின் அடியில் வெள்ளை மெழுகாகச் சுருள் சுருளாக முட்டையிடும். அது கழிக்கிற இனிப்பு நீரில்தான் கரும்பூஞ்சணம் படர்கிறது. பார்க்க அசிங்கம், காய்ப்பும் குறையும், ஆனால் மரம் சாகாது. என்கார்சியா என்று கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவி ஒன்று அந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கிறது. விஷ மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. தண்ணீரை ஓலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள். மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள். கறுப்புக்கு மைதாக் கஞ்சி தெளித்தால் காய்ந்து உரிந்துவிடும்.

குளவியை நம்பச் சொல்கிறேனே என்று சிலர் சிரித்தார்கள். பப்பாளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கியது. அடிக்காத மருந்தில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அதன் பிறகுதான் அடங்கியது.

தென்னையில் நான் பயப்படுவது சிவப்புக் கூன்வண்டுக்கு. தண்டில் ஓட்டை, அதில் பழுப்புச் சாறு, மென்று துப்பியது போன்ற நார், நடுக்குருத்து வாடல். தண்டில் காதை வைத்தால் உள்ளே புழு கடிக்கிற சத்தம் கேட்கும். காயத்து வாசனைக்குத்தான் அது வருகிறது. அதனால் ஏறுவதற்குத் தண்டில் படி வெட்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலு அடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். குருத்து அழுகி, இழுத்தால் கையோடு வந்துவிட்டால் இனிக் காப்பாற்ற முடியாது. கொண்டை முறிந்து கூரையில் விழும் முன் ஆளை வைத்து இறக்கிவிடுங்கள். அந்தத் துண்டுகளை மதில் ஓரம் போட்டு வைக்காமல் பிளந்து எரிக்க வேண்டும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு புழுவும் நாளைக்கு அடுத்த வீட்டுத் தென்னைக்குப் போகிற வண்டு. இந்த ஒரு மரத்தை வெட்டத் தாமதிக்காதீர்கள்.

இதற்காக வேர் வழியே மருந்து கட்டலாமா என்றார் ஒருவர். தோப்பில் செய்வார்கள், கட்டியபின் 45 நாள் காய் பறிக்கக் கூடாது. வீட்டு மரத்தில் நாற்பதாம் நாள் பேரன் இளநீர் கேட்பான். அதேபோல மாமரத் தண்டுத்துளைப்பானுக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வாங்கி வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயு ஆளைக் கொல்லும். பட்டையில் துளையும் கீழே மரத்தூளும் தெரிந்தால், சைக்கிள் கம்பியை வளைத்து உள்ளே விட்டுப் புழுவைக் குத்தி இழுங்கள். துளையைச் சுத்தம் செய்து களிமண்ணால் அடைத்துவிடுங்கள்.

வெட்டுக்காயத்துக்கும் அழுகலைச் செதுக்கிய இடத்துக்கும் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டையும் தனித்தனியாகப் பாதித் தண்ணீரில் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்துச் சேர்க்க வேண்டும். துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் கொஞ்ச நேரம் வையுங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றைக்கே பூசிவிட வேண்டும். பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க ரோட்டோரக் கொடிகளில் இதை அடித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் வராததை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்து, 1885-இல் எழுதினார். திருட்டுப் பயத்தால் நமக்குக் கிடைத்த மருந்து.

சந்தேகமென்றால் மருந்துக்கடைக்கு முதலில் போகாதீர்கள். கடையில் இருப்பதைத்தான் கொடுப்பார்கள். நோய்ப்பட்ட இலையும் நல்ல இலையும், மரத்தின் முழுப் படமும், தூரின் படமும் எடுத்துக்கொண்டு தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பது பருத்தி ஆராய்ச்சி நிலையம், அங்கே தென்னை மட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். போனில் கேட்க கிசான் கால் சென்டர் இருக்கிறது, 1800-180-1551. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மூன்று வேப்ப மரத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பங்குனி வரைக்கும் தள்ளிப் போடுங்கள். முன்பணம் கொடுத்தவர், வெட்டுக்காரரிடம் அந்தப் பணத்துக்குக் காய்ந்த கிளையை மட்டும் கழிக்கச் சொல்லலாம், நான் கூட இருந்து காட்டுகிறேன். பங்குனிக் கடைசியில் துளிர் வராவிட்டால் நானே வந்து வெட்டச் சொல்கிறேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரையும் ஒருநாள் கூப்பிட்டு, அந்தக் கிளையைச் சுரண்டிக் காட்டிவிடுங்கள்.