நச்சுக்காற்றும் ஒரு மரப்பட்டையும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலைநாள் மாலையில் இத்தனை பேர் இணைந்திருக்கிறீர்கள். சில ஊர்களில் இப்போது விடிகாலை நான்கு மணி என்று தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

அறிவியல் புனைகதை படிப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். மனிதர்கள் வேறொரு கோளில் போய் இறங்குகிறார்கள். அங்கே காற்றில் நஞ்சு. ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் அந்த மண்ணிலேயே முளைத்த ஒரு செடி அவர்களைக் காப்பாற்றுகிறது. ஊர் எழும்புகிறது. இதை எழுத பெரிய கற்பனை வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பூமியில் ஏற்கெனவே நடந்து முடிந்த கதை இது.

மலேரியா என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலிய மொழியில் அதற்குக் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் ஆவிதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பி, அந்தி சாய்ந்ததும் சன்னலை அடைத்துக்கொண்டு படுத்தார்கள். கொசுவும் அதனால் கொஞ்சம் வெளியே நின்றிருக்கும். தப்பான காரணத்துக்குச் செய்த சரியான காரியம்! 1897 ஆகஸ்டில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும்வரை குற்றவாளி காற்றுதான்.

ஐரோப்பியருக்கு வெப்பநாடுகள் உண்மையிலேயே வேற்றுக்கோள்களாக இருந்தன. 1841இல் நைஜர் ஆற்றில் ஏறிப்போன பிரிட்டிஷ் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர்கள் இறந்தார்கள். 1854இல் அதே ஆற்றில் இன்னொரு கப்பல் போனது. இம்முறை எல்லோருக்கும் தவறாமல் கொய்னா கொடுத்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. ஆப்பிரிக்காவின் உட்பகுதி பங்குபோடப்பட்டதற்குப் பின்னால் துப்பாக்கி மட்டுமல்ல, இந்தக் கசப்புப் பொடியும் இருந்தது.

கொய்னா சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. மரம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குச் சொந்தம். பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபைப் பாதிரியார்கள் அதை ரோமுக்குக் கொண்டுபோனார்கள். புனைகதைகள் விட்டுவிடுகிற ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் கொடிய மலேரியா அந்த மண்ணில் பிறந்ததாகத் தெரியவில்லை. அடிமைக் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. நஞ்சு குடியேறிகளின் கப்பலில் வந்தது. மருந்து மட்டும்தான் உள்ளூருடையது.

இனி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனுவேல் இன்க்ரா மமானி. பொலிவியாவின் ஐமாரா இனத்தவர். காட்டில் எந்த மரத்தின் பட்டை வீரியமுள்ளது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாராம். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கில வியாபாரியிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். லெட்ஜர் நல்ல விதை கேட்டு அனுப்பினார். மமானி மகன்களோடு காட்டுக்குப் போனார். பனி விழுந்து பூ கருகியது. அடுத்த ஆண்டும் கருகியது. நான்கு ஆண்டுகள் அப்படியே காத்திருந்து, 1865இல் விதையைக் கொண்டுவந்து சேர்த்தார். விதையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம். 1871இல் மறுபடி சேகரிக்கப் போனபோது பிடிபட்டார். யாருக்காக என்று கேட்டு அடித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை. வெளியே விட்ட சில நாட்களில் இறந்துபோனார். இவ்வளவும் லெட்ஜர் பிற்பாடு எழுதிய கடிதங்கள் வழியாகத்தான் நமக்குத் தெரியவருகிறது. மமானி தன் வாயால் சொன்னதாக ஒரு வரிகூட நம்மிடம் இல்லை.

அந்த விதையை வாங்க பிரிட்டிஷ் அரசு மறுத்துவிட்டது. டச்சுக்காரர்கள் ஒரு பவுண்டு எடை வாங்கி ஜாவாவில் விதைத்தார்கள். 1930களில் உலகத்தின் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்து வந்தது. மரத்தின் பொதுப்பெயர் ஒரு ஸ்பானியச் சீமாட்டியினுடையது. அவர் அந்தப் பட்டையால் குணமானார் என்ற கதையே கட்டுக்கதை. ஜாவா வகைக்கு லெட்ஜரின் பெயர். மமானிக்கு எதுவும் இல்லை. ஒரு பொலிவியர் அவரைத் துரோகி என்று சொல்லவும் கூடும். அவர் பக்கமும் நியாயம் உண்டு. மமானியை வீரராக்க எனக்கு ஆசை இருந்தாலும் கொஞ்சம் தயங்குகிறேன்.

இந்தக் கதை நம் வீட்டுக்குள்ளும் வருகிறது. பிரிட்டிஷ்காரர்கள் வேறு வகைச் சிங்கோனாவை ஆண்டிஸிலிருந்து எடுத்துவந்து 1860களின் தொடக்கத்தில் நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டத்துத் தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். இலங்கையில் 1869 முதல் காப்பியை இலைத்துரு நோய் தாக்கியபோது, துரைமார் தேயிலைக்கு முழுதாக மாறும் முன் சிங்கோனாவைத்தான் நம்பினார்கள். அந்தப் பட்டையை உரித்தவை நம்மவர்களின் கைகள்.

என் அப்பாயி மலைநாட்டில் பிறந்தவர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி நீலகிரிக்கு வந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவர். நான் கஷாயம் குடிக்க முகம் சுளித்தால், "இதெல்லாம் ஒரு கசப்பாடா? பெரட்டுல வரிசையா நிக்க வச்சு கொய்னாத் தண்ணிய ஊத்துவாங்க பாரு, அது கசப்பு" என்பார். அவர்களுக்குக் காய்ச்சல் வரக்கூடாது என்ற அக்கறையைவிட, ஆள் குறையக்கூடாது என்ற அக்கறை அதில் பெரிதாக இருந்திருக்கும். அப்பாயிக்கும் அது தெரியும். ஆனால் மருந்து மருந்துதானே, குடித்தார்.

சூ பர்க் எழுதிய 'செமியோசிஸ்' நாவலை (2018) இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்கிறேன். பாக்ஸ் என்ற கோளில் குடியேறியவர்களை அங்குள்ள கொடி ஒன்று பழம் கொடுத்துக் காக்கிறது. இன்னொன்று பழத்தாலேயே கொல்கிறது. அந்தக் கொடிகள் ஒன்றோடொன்று போரிடுகின்றன, மனிதர்கள் அவற்றின் வேலையாட்கள் என்று தாவரவியலாளர் புரிந்துகொள்கிறார். பின்னால் வரும் மூங்கில் பேசவே கற்றுக்கொள்கிறது, பேரம் பேசுகிறது. செடி கூலி கேட்கிற கதை என்பதால் எனக்குப் பிடிக்கும். ஆனால் பாக்ஸிலும் அந்தச் செடியைக் குடியேறிகளிடம் காட்டிக்கொடுக்க ஒரு மமானி இல்லை. பெரும்பாலான கோள் கதைகளில் செடி உண்டு, செடியை அறிந்தவன் இல்லை. கதாநாயகனே கண்டுபிடித்துவிடுகிறான்.

தமிழில் இப்போது அறிவியல் புனைகதை நிறைய எழுதப்படுகிறது. எழுதுகிறவர்கள் சிலர் இந்தத் திரையிலும் இருக்கிறீர்கள். கோளில் இறங்குகிறவனின் கதை போதுமான அளவு வந்துவிட்டது. பனியில் பூ கருகுவதைப் பார்த்துக்கொண்டு, அடுத்த ஆண்டுக்காகக் காட்டில் உட்கார்ந்திருந்த அந்த மகன்களில் ஒருவன் சொல்லும் கதையை யாராவது எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

கேள்விகளுக்குப் போகலாம்.